தேவாலய வாசலில் ஒரு தகவல் பலகை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் தேவாலயத்துக்குள் முதன்முறையாகக் கால் வைக்கிறவர்களில் பலர் கல்யாணப் பத்திரிகை வந்ததால் வருகிறவர்கள். மாற்றலாகி வந்த வங்கி ஊழியர், அழகப்பா பல்கலைக்கழகத்திலும் சிக்ரி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் படிக்க வந்த வெளியூர்ப் பிள்ளைகள், டிசம்பர் 24 இரவு குடில் பார்க்க வரும் பக்கத்துத் தெருக்காரர்கள், செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்த கையோடு இடைக்காட்டூர் ஆலயம் பார்க்கப் போகிற சுற்றுலாக்காரர்கள் ஆகியோரும் உண்டு. உள்ளே போனால் எங்கே உட்காருவது, எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று இவர்களுக்குச் சொல்ல வாசலில் ஆளும் இல்லை, பலகையும் இல்லை. நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் மட்டும் சலவைக்கல்லில் தொகையோடு இருக்கிறது.

யாரும் வரலாமா என்பது இந்தச் சீமையில் கேள்வியே இல்லை. சருகணி ஆலயத்துக்குத் தேர் செய்து கொடுத்தவர்கள் மருது சகோதரர்கள். ஓரியூரில் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டுண்ட இடத்துச் செம்மண்ணை எல்லாச் சமயத்தாரும் நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள், பொட்டலம் கட்டி வீட்டுக்கும் கொண்டுபோகிறார்கள். வருகிறவர் கூச்சப்படாமல் உட்கார்ந்து எழுந்து போக வழி செய்வதுதான் பாக்கி. அதற்கு வேண்டிய விவரங்களைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நேரம். கைபேசி வரைபடத்தில் போட்டிருக்கும் திருப்பலி (பூசை) நேரத்தை நம்பிப் புறப்பட வேண்டாம். எவரோ எப்போதோ பதிந்தது அது. கிராமப் பக்கம் ஒரே பங்குச் சாமியார் கையில் பல ஊர்கள் இருக்கும். பங்கின் தலைமை ஆலயத்தில் ஞாயிறு காலைத் திருப்பலி நிச்சயம். கிளைக் கிராமத்தில் இந்த வாரம் காலை என்றால் அடுத்த வாரம் மாலையாக இருக்கலாம், மாதத்துக்கு இரண்டு முறை மட்டுமே என்றும் இருக்கலாம். விசாரிக்க வேண்டிய ஆள், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் அல்லது ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை. ஆலயச் சாவி அவரிடம்தான் இருக்கும், இந்த வாரம் சாமி எத்தனை மணிக்கு வருவார் என்ற கணக்கும் அவரிடம்தான் இருக்கும். பல ஊர்களில் வழிபாட்டுக்கு அரை மணி முன்னதாக முதல் மணி அடிப்பார்கள். அதைக் கேட்டுப் புறப்பட்டால் போதும். பிந்தி வந்துவிட்டால், வாசகம் வாசித்துக்கொண்டிருக்கும்போது நடந்து போகாமல் அது முடியும்வரை வாசலில் நின்று பிறகு உள்ளே போகலாம்.

முதன்முறை வர ஏற்றது சாதாரண ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் இரவில் கூட்டத்தில் ஒன்றும் தெரியாது. பெரிய வெள்ளியன்று திருப்பலியே கிடையாது. இயேசுவின் பாடுகளின் வரலாறு நீளமாக வாசிக்கப்படும், சிலுவையை வரிசையில் போய் முத்தமிடுவார்கள். அதைப் பார்த்து மற்ற நாளும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டால் அடுத்த முறை குழப்பம்தான். கொடியேற்றம், தேர்ப்பவனி நாட்கள் வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும், வழிபாட்டைப் புரிந்துகொள்ள உதவாது.

செருப்பை எங்கே விடுவது என்பதற்குப் படிக்கட்டைப் பார்ப்பதே வழி. அங்கே செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள். கத்தோலிக்க ஆலயங்களில் பெரும்பாலும் கழற்றுவதுதான் வழக்கம். நகரத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்கள் சிலவற்றில் போட்டபடியே போவார்கள். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் சிமெண்ட் முற்றம் பாதத்தைப் பொரித்துவிடும். அந்த மாதங்களில் விடியற்காலைத் திருப்பலிக்கு வருவதே உத்தமம். ஆண்கள் தொப்பியையும் தலைப்பாகையையும் எடுத்துவிட வேண்டும். பெண்கள் முக்காடு போடுவது கத்தோலிக்க ஆலயத்தில் அவரவர் விருப்பம். பெந்தெகொஸ்தே சபைகளில் எல்லாப் பெண்களும் போட்டிருப்பார்கள், முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வாசலை ஒட்டிக் கல் தொட்டியிலோ கிண்ணத்திலோ தீர்த்தம் இருக்கும். வலக்கை விரலை நனைத்துச் சிலுவை அடையாளம் போடுவதற்கு உள்ளது அது. கோயில் பழக்கத்தில் கையில் ஏந்திக் குடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது பல நாள் தேங்கிய நீர், மந்திரிக்கும்போது உப்புக் கலப்பதும் உண்டு, நூறு பேர் விரல் பட்டது. குடிக்க வேண்டாம். வீட்டுக்குத் தீர்த்தம் வேண்டுமானால் தனியாகக் குழாய் போட்ட பாத்திரத்தில் வைத்திருப்பார்கள், பாட்டில் கொண்டுவந்தால் எவரும் பிடித்துக்கொள்ளலாம். மெழுகுவர்த்தி ஏற்ற வெளியே கெபி (மாதா குகை) அருகில் மேடை இருக்கும். உள்ளே தரையிலோ பெஞ்சிலோ ஒட்டிவைத்தால் மெழுகைச் சுரண்டி எடுக்கும் வேலை கோயில்பிள்ளை தலையில் விழும்.

எங்கே உட்காருவது என்பது பலர் தவறுகிற இடம். முன்வரிசையில் உட்கார்ந்தால் எப்போது எழுவது, எப்போது மண்டியிடுவது என்று பார்த்துச் செய்ய முன்னால் ஆள் இல்லை. கடைசி வரிசையிலோ பிந்தி வருகிறவர்களும் அழுகிற குழந்தைகளும். நடுவுக்குச் சற்றுப் பின்னால், சுவர் ஓரமாக உட்காருவது நல்லது. நடுப்பாதை ஓரத்தில் உட்கார்ந்தால், அப்பம் வாங்க எல்லாரும் எழுந்து போகும் நற்கருணை நேரத்தில் மொத்த வரிசையும் உங்களைத் தாண்டிப் போகவேண்டியிருக்கும், வரிசையை ஒழுங்கு செய்கிறவர் உங்களையும் எழச்சொல்லிக் கைகாட்டுவார், மறுக்கத் தெரியாமல் போய் நின்றுவிடுவீர்கள். தவறுகள் பாதி அப்படித்தான் நடக்கின்றன. கிராம ஆலயங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரித்து உட்காருவார்கள். எந்தப் பக்கம் என்பது ஊருக்கு ஊர் மாறும், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவியாக வந்தவர்கள் பிரிந்து உட்கார மனமில்லையென்றால் பின்பக்கம் நாற்காலி போட்டிருக்கும்.

ஞாயிறு திருப்பலி ஏறக்குறைய ஒரு மணி நேரம். வருகைப் பாடலுக்கு எழுந்து நிற்பார்கள், மன்னிப்பு வழிபாடும் வானவர் கீதமும் நின்றபடிதான். பிறகு உட்கார்ந்து இரண்டு வாசகங்கள், நடுவில் பதிலுரைப் பாடல். அல்லேலூயா தொடங்கியதும் எழவேண்டும். நற்செய்தி முடியும்வரை யாரும் உட்கார மாட்டார்கள். மறையுரைக்கு (பிரசங்கத்துக்கு) உட்காரலாம். விசுவாச அறிக்கைக்கும் மன்றாட்டுக்கும் மறுபடி நிற்பது. காணிக்கைப் பை வரும்போது போட்டாலும் சரி, பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட்டாலும் சரி. அடுத்து நற்கருணை மன்றாட்டு. மணி அடிக்கும்போது எல்லாரும் முழந்தாளிட்டிருப்பார்கள். முழங்கால் வலிக்காரர்களும் பிற சமயத்தாரும் அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும், நடமாட மட்டும் கூடாது. சமாதானம் சொல்லும் நேரத்தில் முன்பின் தெரியாதவர்கள் உங்களைப் பார்த்துக் கைகூப்புவார்கள், நீங்களும் கைகூப்புங்கள்.

இனி நற்கருணை. கோயிலில் வரிசையில் நின்று விபூதி, குங்குமம், பொங்கல் வாங்கிப் பழகிய கைக்கு, வெள்ளை வெளேரென்று சிறு அப்பத்தைச் சாமியார் கொடுப்பதும் மற்றவர்கள் வாங்குவதும் பிரசாதம் போலவே தோன்றும். வரிசையில் போய்க் கை நீட்டி வாங்கி, வீட்டில் உள்ளவர்களுக்கென்று சட்டைப் பைக்குள்ளோ கைக்குட்டைக்குள்ளோ வைத்துவிடுகிறார்கள். பக்தியினால் செய்வதுதான், கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் கத்தோலிக்கருக்கு அது பொருளாகக் கொண்டுபோகிற ஒன்றல்ல. சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்குப் பிறகு அது கிறிஸ்துவின் உடல் என்பது அவர்கள் விசுவாசம். ஞானஸ்நானம் பெற்று, முதல் நற்கருணை வாங்கி, வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து உண்ணாமல் இருப்பவர்கள் மட்டும் வாங்கி, அந்த இடத்திலேயே உட்கொள்வார்கள். மற்றக் கிறிஸ்தவ சபையாருக்கும் இதே விதிதான், சி.எஸ்.ஐ. நண்பர் வந்தாலும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். தெரியாமல் வாங்கிவிட்டால் பதற வேண்டாம். கீழே போடாமல், பைக்குள் வைக்காமல், கொடுத்தவரிடமே அப்போதே திருப்பிக் கொடுங்கள். வீட்டுக்குப் போனபின் ஞாபகம் வந்தாலும் ஆலயத்தில் கொண்டுவந்து சாமியாரிடம் கொடுத்துவிடலாம்.

இதில் குறை வந்தவர்களிடம் இல்லை. திருப்பலிக்கு முன் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிக்கிறவர்கள் ‘தகுந்த தயாரிப்புடன் வருபவர்கள் மட்டும் நற்கருணை உட்கொள்ளலாம்’ என்று ஒரு வரி சொல்லி முடித்துவிடுகிறார்கள். தகுந்த தயாரிப்பு என்றால் குளித்துவிட்டு வருவது என்றுதான் வெளியாள் எடுத்துக்கொள்வார். ‘கத்தோலிக்கர் அல்லாதவர்கள் அன்புகூர்ந்து இடத்திலேயே உட்கார்ந்திருங்கள்’ என்று நேராகச் சொன்னால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். எவரும் வாங்கிக்கொள்ளக்கூடியவை எவை என்பதையும் கூடவே சொல்லலாம். மந்திரித்த தீர்த்தம், எண்ணெய், திருவிழாவில் கொடுக்கும் உப்பு மிளகு, அசனச் சோறு (பொது விருந்து) எல்லாம் எல்லாருக்கும் பொது. கை நீட்டியவரை வெறுங்கையோடு அனுப்பத் தேவையே இல்லை.

கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு வேறு சில சங்கதிகள். பத்திரிகையில் ‘காலை 10.30 மணிக்கு’ என்று போட்டிருப்பது முகூர்த்த நேரமல்ல, திருப்பலி தொடங்கும் நேரம். வாசகமும் மறையுரையும் முடிந்த பிறகே மணமக்கள் வலக்கை சேர்த்துச் சம்மதம் சொல்வதும் தாலி, மோதிரம் மந்திரிப்பதும். எனவே தாலி ஏற 11 மணி ஆகும். தாலி கட்டியதும் எழுந்து பந்திக்குக் கிளம்புகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது, அதற்கப்புறமும் அரை மணி நேரம் வழிபாடு இருக்கிறது என்பது. மணமக்களில் ஒருவர் கத்தோலிக்கர் அல்லாத கல்யாணத்தில் பெரும்பாலும் திருப்பலி இல்லாமல் சடங்கு மட்டும் நடக்கும். அரை மணியில் எல்லாம் முடிந்துவிடும், பிந்தினால் தாலி போச்சு. உள்ளே அட்சதை போட வேண்டாம், வழுவழுப்பான தரையில் அரிசி மிதித்து முதியவர்கள் சறுக்குவார்கள். மொய்க் கவர் மண்டபத்தில் கொடுப்பது. காணிக்கைப் பையில் போட்டுவிட்டால் பணம் பங்குக் கணக்குக்குப் போகும், உங்கள் பெயர் மொய் நோட்டில் ஏறாது. செட்டிநாட்டில் இது சின்ன விஷயமல்ல. படம் எடுக்கிறவர்கள் பீடப் படிக்கட்டில் ஏறக் கூடாது. சிவப்பு விளக்கு எரியும் நற்கருணைப் பேழைக்குள் அந்த அப்பம் இருக்கிறது. அதற்கு முதுகைக் காட்டி நின்று குழுப் படம் எடுப்பதைப் பார்த்தால் ஊர்ப் பெரியவர்கள் முகம் மாறுவது அதனால்தான்.

இடைக்காட்டூர் போகிற சுற்றுலாக்காரர்களுக்கும் இதே பேச்சுதான். 1894-இல் பிரெஞ்சுக் குரு பெர்டினாந்து செல் கட்டிய அந்தத் திரு இருதய ஆலயம் பிரான்சு நாட்டு ரீம்ஸ் பேராலயத்தின் சாயலில் எழுந்தது. பார்க்கத் தகுந்தது. ஆனால் வழிபாடு நடக்கும்போது பக்கச் சிலைகளை ஒவ்வொன்றாக ஒளிபாய்ச்சிப் படம் பிடிப்பது அழகல்ல. வழிபாடு முடிந்து கால் மணி நேரம் கழித்துப் போனால் கதவும் திறந்திருக்கும், கூட்டமும் இருக்காது.

சி.எஸ்.ஐ. ஆலயங்களில் வழிபாட்டு ஒழுங்கு ஆலயத்துக்கு ஆலயம் கொஞ்சம் மாறும். வெவ்வேறு மிஷன்களின் சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று ஒன்றாகச் சேர்ந்து உருவானது தென்னிந்தியத் திருச்சபை. மதுரை, இராமநாதபுரம் பகுதிச் சபைகள் பெரும்பாலும் அமெரிக்கன் மதுரை மிஷன் வழியில் வந்தவை என்பதால் இங்கே ஆடம்பரம் குறைவு, பிரசங்கம் நீளம். ஞாயிறு ஆராதனைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பாட வேண்டிய பாட்டுகளின் எண் சுவரில் தொங்கும் பலகையில் இருக்கும். பாமாலை, கீர்த்தனை என்று பாட்டுகள் இரு வகை. பாமாலைக்கு ஒரு எண் வரிசை, கீர்த்தனைக்கு வேறு எண் வரிசை. எதில் பாடுகிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் அவரே பக்கத்தைத் திருப்பித் தந்துவிடுவார். திருவிருந்து (நற்கருணை) எல்லா வாரமும் இராது. இருக்கும் நாளில் திடப்படுத்தல் (சபையின் முழு உறுப்பினராக்கும் சடங்கு) பெற்றவர்கள் பீடத்தின் முன் கிராதியில் முழங்காலிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவார்கள். வேறு சபையில் நற்கருணை வாங்குகிறவர்கள் ஆராதனைக்கு முன்பே போதகர் ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை.

பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகளுக்குப் போகிறவர்கள் இரண்டரை, மூன்று மணி நேரத்துக்குத் தயாராகப் போகவேண்டும். கைதட்டிப் பாடுவதும், எல்லாரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபிப்பதும், அந்நிய பாஷையில் பேசுவதும், சிலர் அழுவதும் புதியவரைத் திடுக்கிடச் செய்யும். பயப்பட ஒன்றுமில்லை, வாசல் பக்கம் உட்கார்ந்துகொண்டால் காற்றும் வரும், எழுந்து போகவும் வசதி. சில சபைகளில் எல்லாரும் வெள்ளை உடுத்தி, நகை இல்லாமல், பாயில் உட்கார்ந்திருப்பார்கள். விருந்தாளி நகையைக் கழற்ற வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சிறு கிண்ணங்களில் திராட்சை ரசமும் அப்பத் துண்டுகளும் தட்டில் வரிசையாகக் கைமாறி வந்தால், எடுக்காமல் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். தலையில் கை வைத்து ஜெபிக்க முன்னால் அழைக்கும்போது விருப்பமில்லாதவர் போகத் தேவையில்லை.

இங்கே சபைக்காரர்களுக்கு ஒன்று. ‘இன்று புதிதாக வந்தவர்கள் எழுந்து நின்று பெயரும் ஊரும் சொல்லுங்கள்’ என்று மைக்கில் சொல்வதை நிறுத்துங்கள். சபையார் கைதட்டுவார்கள், வந்தவர் வியர்த்துப்போய் அடுத்த வாரம் வர மாட்டார். கைபேசி எண் வாங்கித் திங்கட்கிழமை காலையிலேயே அழைப்பதும் அப்படியே. வருகிறவர் எண் கேட்டால் நீங்கள் கொடுங்கள், அவர் எண் உங்களுக்கு வேண்டாம். இரண்டு மூன்று முறை வந்தால் மதம் மாற்றிவிடுவார்கள் என்று வீட்டில் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. கத்தோலிக்கத் திருச்சபையில் பெரியவர் ஒருவர் ஞானஸ்நானம் பெற மாதக்கணக்கில் மறைக்கல்வி படித்துக் காத்திருக்க வேண்டும், பெரும்பாலும் உயிர்ப்பு ஞாயிறுக்கு (ஈஸ்டருக்கு) முந்தின இரவில்தான் கொடுப்பார்கள். போய் உட்கார்ந்து வந்ததால் எதுவும் ஆகிவிடாது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். ஆலயத்துக்குப் புதிதாக வந்தவரிடம் ‘எந்த ஊர்?’ என்று கேட்பது இயல்பு. அடுத்த கேள்வி ‘அந்த ஊரில் எந்தத் தெரு?’ என்று வருகிறதே, அது எதற்கென்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். பூசை முடிந்து வராண்டாவில் நின்று இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பங்குப் பேரவை மேடையில் சமத்துவம் பேசுகிறவர்களே. வரவேற்புக்கு ஆள் நிறுத்துகிற ஆலயங்கள் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம், ஊர்ப் பெயரோடு கேள்வியை நிறுத்திக்கொள்வது.

மாற்றலாகி வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அல்ல, நிலையாக வரப்போகிறவர்கள். அவர்கள் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு அலுவலகத்தில் பழைய பங்கின் கடிதத்தைக் கொடுத்துக் குடும்ப அட்டை போட்டுக்கொள்ள வேண்டும். வீடு இருக்கும் தெருவைச் சொன்னால் எந்த அன்பியம் (பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு) என்று சொல்வார்கள். (இந்த ஒரு இடத்தில் தெருவைக் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது.) அட்டை போடாமல் வருடக்கணக்கில் வந்துபோய், பிள்ளைக்குக் கல்யாணம் என்றதும் ஓடுகிறவர்கள் அதிகம். அப்போது பெயர் எந்தப் பங்கிலும் இராது. கல்யாணத்துக்கு ஞானஸ்நானம் பெற்ற பங்கிலிருந்து புதிதாக எடுத்த சான்றிதழ் வேண்டும், ஆறு மாதத்துக்கு மேற்பட்டதை ஏற்பதில்லை. காரணம், திருமணமானால் அந்தக் குறிப்பு ஞானஸ்நானப் பதிவேட்டில்தான் ஏறும், பழைய சான்றிதழில் அது தெரியாது. மணமகன், மணமகள் இருவர் பங்கிலும் ஞாயிறுகளில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டும், அதற்கு முன் திருமணப் பயிற்சி இருக்கிறது. ஆக, மூன்று மாதமாவது கையில் இருக்க வேண்டும். சிவகங்கை மறைமாவட்டம் 1987-இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது, பழைய பதிவேட்டுக்கு மதுரைக்குப் போகவேண்டுமோ என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். பதிவேடு ஞானஸ்நானம் நடந்த பங்கிலேயே இருக்கும்.

கடைசியாகப் பலகை. நாலடிக்கு மூன்றடி போதும். எழுத்து ஓர் அங்குல உயரம் இருந்தால் பத்தடி தூரத்திலிருந்து படிக்கலாம், தலைப்பை மட்டும் பெரிதாகப் போடலாம். பிளெக்ஸ் வேண்டாம், செட்டிநாட்டு வெயிலில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும். தகரத்தில் பெயிண்டால் எழுதுங்கள். வழிபாட்டு நேரம், செருப்பு விடும் இடம், கழிப்பறை எந்தப் பக்கம், நற்கருணை யாருக்கு, எல்லாரும் வாங்கக்கூடியவை எவை, எப்போது படம் எடுக்கலாம், இத்தனையும் எட்டுப் பத்து வரியில் அடங்கும். பிதா, சுதன் என்று தொடங்கும் நீண்ட முகவுரை வேண்டாம், வெயிலில் நிற்கிறவர் முதல் வரியிலேயே நேரத்தைப் பார்க்க வேண்டும். மாறக்கூடிய நேரத்தை மட்டும் தனியாகக் கழற்றி மாட்டும் சிறு தகட்டில் எழுதினால் தவக்காலத்தில் மாலைத் திருப்பலி நேரம் மாறும்போது முழுப் பலகையையும் அழிக்க வேண்டியதில்லை. தொலைபேசி எண் போடும்போது இப்போதிருக்கும் சாமியாரின் கைபேசி எண்ணைப் போடாதீர்கள். சில வருடத்தில் அவர் மாற்றலாகிப் போவார், எண்ணும் அவரோடு போய்விடும். பங்கு அலுவலகத்துக்கென்று ஒரு எண் வாங்கி, அதை உபதேசியார் எடுக்கும்படி செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.